ஆலை நிலத்தில் பொதுமக்கள் பங்கு

மும்பை பரேலில் பஞ்சாலைகள் போய் வணிக வளாகங்கள் எழுந்தது இயல்பான வளர்ச்சி என்ற கருத்து ஏற்புடையதல்ல. 1982 பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் இறங்கினர்; பலருக்கு வேலை திரும்பவே இல்லை. பிறகு மோதல் ஆலைகள் இருந்த நிலம் யாருக்கு என்பதாக மாறியது. மும்பையின் 1991 நில மேம்பாட்டு விதி ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து, திறந்தவெளிக்கும் அரசு வீட்டுவசதிக்கும் உரிமையாளருக்கும் பங்கு வைத்தது. 2001 திருத்தமோ காலி இடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றது. ஆலை என்றாலே பெரும்பகுதி கட்டடம்தானே! அதனால் பொதுப் பங்கு சுருங்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது.

கோவையிலும் பழைய ஆலை வளாகங்கள் கடைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவருவதை இங்கு வசிப்போர் அறிவர். மீதமுள்ளவை கைமாறுமுன், மொத்தப் பரப்பில் பொதுப் பங்கைக் கணக்கிடும் விதியைத் தமிழக அரசு வகுக்க வேண்டும்.

– வாசகர், கோவை