இருமல் மருந்து: ஏற்றுமதிக்கு ஒரு நீதி, உள்நாட்டுக்கு ஒரு நீதியா?

புது தில்லி: மருத்துவர் எழுதிக் கொடுத்த இருமல் மருந்தை, அவர் சொன்ன அளவில் குழந்தைக்குக் கொடுத்த பெற்றோர் மீது என்ன குறை காண முடியும்? மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தபோது எழுந்த கேள்வி இது. மருத்துவரின் சீட்டு மருந்தின் பெயருக்குத்தான் பொறுப்பேற்கும். புட்டியின் உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டியது அரசு.

அக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட 'கோல்ட்ரிஃப்' மருந்து, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா நிறுவனத்தில் தயாரானது. அக்டோபர் 1-ம் தேதி தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆய்வில், அதில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருப்பது தெரிய வந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே.

திரவ மருந்துகளில் மூலப்பொருளைக் கரைக்க புரொப்பிலீன் கிளைகால் போன்றவை சேர்க்கப்படுகின்றன. தொழிற்சாலைத் தேவைக்கான மலிவான சரக்கு இந்த இடத்தில் நுழையும்போது விஷமும் உடன் நுழைகிறது. இனிப்புச் சுவை இருப்பதால் நாக்கு அதைக் காட்டிக் கொடுப்பதில்லை.

அண்டை மாநிலமான கர்நாடகம் உடனே விழித்துக் கொண்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்று பெங்களூருவில் அம்மாநில சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகமும் அக்டோபர் 3-ம் தேதி இதையே சொன்னதுடன், ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாக இவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று தெரிவித்தது. கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிடுமாறு 2023 டிசம்பரிலேயே உத்தரவு இருந்தது.

பெங்களூருவின் எச்சரிக்கைக்குப் பின்னால் ஓர் அனுபவம் உண்டு. 2024 நவம்பரில் பல்லாரி அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். மேற்கு வங்க நிறுவனம் ஒன்று வழங்கிய ரிங்கர் லாக்டேட் கரைசல் மீது சந்தேகம் எழுந்தது. மாநில ஆய்வகம் தரமற்றவை என்று ஒதுக்கிய சில தொகுதிகளை மத்திய ஆய்வகம் தரமானவை என்று சான்றளித்திருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஒரு மாநிலத்தில் தயாராகி இன்னொரு மாநிலத்தில் உயிர் குடிக்கும் மருந்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஓராண்டுக்குள் மீண்டும் எழுந்தது. இம்முறை மருந்து தமிழகத்திலிருந்து சென்றது.

காஞ்சிபுரம் ஆலையில் 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் கண்டறியப்பட்டன. உரிமம் அளித்தது மாநில அரசு என்றது மத்தியத் தரப்பு. மத்திய அதிகாரிகளும் அந்த ஆலையை ஆய்வு செய்யவில்லையே என்றது தமிழகம். மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அக்டோபர் 13-ம் தேதி உரிமம் ரத்தானது. குழந்தைகள் இறந்த பிறகு எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் இவை.

அரசியல் சட்டத்தில் மருந்துகள் பொதுப் பட்டியலில் உள்ளன. 1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி, தயாரிப்பு உரிமத்தைப் பொதுவாக மாநிலங்களே வழங்குகின்றன. வலுவான தேசிய மருந்து ஆணையம் வேண்டும் என்று மஷேல்கர் குழு 2003-ல் பரிந்துரைத்தது. அதன்படி வந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை. 2013-ல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா 2016-ல் திரும்பப் பெறப்பட்டது. அதிகாரம் தில்லியில் குவிவதை மாநிலங்கள் ஐயத்துடன் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆனால், அதிகாரத்தைப் பகிர மறுக்கும் இரு தரப்பும் பொறுப்பை மட்டும் ஒன்றன் மீது ஒன்று தள்ளுவதில் என்ன நியாயம்?

இதைவிட உறுத்தும் முரண்பாடு ஒன்று உண்டு. 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தது இந்தியத் தயாரிப்புகளுடன் தொடர்புபடுத்தப்பட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. எனினும், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்ற பிறகே அனுப்ப வேண்டும் என்ற விதி 2023 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. வெளிநாட்டுக் குழந்தைக்குக் கிடைத்த அந்தக் காப்பு சிந்த்வாரா குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. இந்த ரசாயனம் இங்கு புதிதும் அல்ல. 1972-ல் சென்னை, 1986-ல் மும்பை, 1998-ல் குர்கான், 2020-ல் ஜம்முவின் ராம்நகர் என்று அது பலமுறை உயிர் பறித்திருக்கிறது. அமெரிக்காவில் 1937-ல் இதே நஞ்சுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் பலியானபோது, மறு ஆண்டே அங்கு புதிய மருந்துச் சட்டம் வந்தது.

சட்டம் வரும் வரை மக்கள் செய்யக் கூடியவை சில உண்டு. குழந்தைகளின் சளி, இருமல் பெரும்பாலும் தானே குணமாகக் கூடியது. மருத்துவரின் ஆலோசனை இன்றி மருந்து வாங்கக் கூடாது. பழைய சீட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. சமையலறைக் கரண்டியைத் தவிர்த்து, புட்டியுடன் வரும் அளவுக் குப்பியில் அளந்து கொடுக்க வேண்டும். பாராசிட்டமால் கலந்த இருமல் மருந்துடன் காய்ச்சலுக்குத் தனியே பாராசிட்டமால் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். கோடீன் கலந்தவை குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல. ரசீதையும் பேட்ச் எண்ணையும் பாதுகாத்து வைக்க வேண்டும். மருந்து கொடுத்த பின் வாந்தி தொடர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தனையும் செய்த பெற்றோராலும் புட்டிக்குள் இருப்பதைச் சோதிக்க முடியாது. அந்த ஆய்வகம் அரசின் கையில் இருக்கிறது. கப்பலேறும் புட்டிக்கு உள்ள கட்டாயச் சோதனை, சுங்குவார்சத்திரத்திலிருந்து லாரி ஏறும் புட்டிக்கும் வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். தமிழக உறுப்பினர்களுக்கு அதில் கூடுதல் கடமை உண்டு.