விதைக்குத் தடை போட்ட மாகாண மன்றம்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் ரோடு, தெருவிளக்கு, குடிதண்ணீர், நூறு நாள் வேலை என்று நாலு விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விதையைப் பற்றியும் பூச்சிமருந்தைப் பற்றியும் வார்டு மெம்பரிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்டாலும் "அதெல்லாம் கவர்மெண்ட் விஷயம் சார்" என்பார். பஞ்சாயத்தும் கவர்மெண்ட்தான் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும்.

பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் என்றொரு தீவு. மேற்கே நீக்ரோஸ் ஆக்சிடெண்டல், கிழக்கே நீக்ரோஸ் ஓரியண்டல் என்று இரண்டு மாகாணம். 2005-ல் இரண்டு கவர்னர்களும், மேற்கே ஜோசப் மரான்யோன், கிழக்கே ஜார்ஜ் அர்னைஸ், இந்தத் தீவை இயற்கை உணவுத் தீவாக்குவோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2007-ல் நீக்ரோஸ் ஆக்சிடெண்டலின் மாகாண மன்றம், உயிருள்ள மரபணு மாற்று விதையோ பயிரோ மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சட்டமே இயற்றியது. கவர்னர் என்றதும் நம்ம ராஜ்பவன் ஆளை நினைத்துவிடாதீர்கள். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். துணைக் கவர்னரும் மன்ற உறுப்பினர்களும் அப்படித்தான்.

அந்த மாகாணத்துக்கு ஏன் இந்த யோசனை வந்தது? நாட்டின் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி அங்கேதான் விளைகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு, பெரும் பண்ணைகள், கூலிக்கு வெட்டும் ஜனங்கள். ஆலை ஓடாத மாதங்களுக்கு 'செத்த காலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 1980-களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்தது. சர்க்கரை வியாபாரம் முழுக்க மார்க்கோஸ் ஆட்சியின் ஏகபோக அமைப்பின் கையில் இருந்ததால் விவசாயிக்கு வரவேண்டிய காசும் சரியாக வரவில்லை. வங்கிகள் பயிர்க்கடனை நிறுத்தின. பண்ணைக்காரர்கள் நடவை நிறுத்தினார்கள். வளமான மண்ணின் மேல் உட்கார்ந்துகொண்டு குழந்தைகள் பட்டினியில் செத்தன. மொத்தக் கடனையும் ஒரே பார்ட்டிக்குக் கொடுத்த கிளை என்ன கதிக்கு ஆளாகும் என்று வங்கியில் இருந்தவனுக்குத் தெரியும். ஒரே பயிரை நம்பிய மாவட்டமும் அதே கதிதான்.

மஸிபாக் என்கிற உழவர்-விஞ்ஞானிகள் கூட்டமைப்பு முளைத்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். உழவரே நெல் ரகத்தைச் சேகரித்து, கலந்து, தேர்ந்தெடுக்கும் இயக்கம் அது.

ஒரு மாகாணம் நினைத்தால் இப்படிச் சட்டம் போட முடியுமா என்று கேட்பீர்கள். 1991-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. வேளாண் விரிவாக்கப் பணியாளர்களை மத்திய வேளாண் துறையிலிருந்து எடுத்து உள்ளாட்சிகளின் கீழ் வைத்தது அந்தச் சட்டம். மத்திய உள்நாட்டு வரி வருவாயில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்றும் எழுதிவைத்தது. அதைக் குறுக்கிக் கணக்கிடுகிறார்கள் என்று வழக்குப் போய், சுங்க வரி போன்றவற்றையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-லிருந்து அப்படியே கொடுக்கிறார்கள். ஆளும் பணமும் சட்டம் போடும் அதிகாரமும் மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கின்றன.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு பிரிவு. மாகாணத்தில் ஆயிரம் வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால், ஒரு சட்டத்தைப் போடு அல்லது நீக்கு என்று மன்றத்திடம் மனு கொடுக்கலாம். நகராட்சி அளவில் நூறு பேர் போதும், பரங்காய் என்கிற ஊர் அளவில் ஐம்பது பேர். முப்பது நாளில் மன்றம் ஒன்றும் செய்யாவிட்டால், கையெழுத்துத் திரட்டி நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கே போகலாம். உள்ளாட்சி வளர்ச்சிக் குழுக்களில் நாலில் ஒரு பங்கு இடம் மக்கள் அமைப்புகளுக்கு என்றும் இருக்கிறது.

அங்கே எல்லாம் தேனாறு என்று சொல்ல வரவில்லை. பதவி மூன்று வருஷம், தொடர்ந்து மூன்று முறைதான் இருக்கலாம். அப்புறம் மனைவி நிற்பார், மகன் நிற்பார். குடும்ப ஆட்சி கூடாது என்று 1987 அரசியல் சாசனம் சொல்கிறது. எது குடும்ப ஆட்சி என்று சட்டம் விளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சட்டத்தை அத்தனை வருஷமாக நாடாளுமன்றம் போடவே இல்லை! 2023 மார்ச்சில் நீக்ரோஸ் ஓரியண்டல் கவர்னர் ரோயல் டெகாமோவை, வீட்டில் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சுட்டுக் கொன்றார்கள். அதிகாரம் ஊருக்கு வந்தால் அதற்கான சண்டையும் ஊருக்கு வருகிறது.

தடைச் சட்டத்துக்கும் ஓட்டை இருந்தது. மாகாணத்தின் பெரிய ஊரான பகோலோட் நகரம் தனி நிர்வாகம். அதற்கென்று மேயர், அதற்கென்று மன்றம். மாகாணச் சட்டம் அங்கே செல்லாது. மரபணு மாற்று மக்காச்சோளத்துக்கு 2002-லேயே அந்த நாடு அனுமதி கொடுத்துவிட்டதால், தீவனச் செலவைச் சொல்லித் தடையைத் தளர்த்து என்று கோழி, பன்றி வளர்ப்போர் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தது. மன்றம் போட்ட சட்டத்தை அடுத்து வரும் மன்றம் எடுத்துவிடலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்குள்ள உழவர்கள் இதற்குக் காவல் இருந்தாக வேண்டியிருந்தது.

இதெல்லாம் நமக்குத் தூரத்துக் கதை இல்லை. பிலிப்பைன்ஸில் கொண்டுவந்த பிடி கத்திரிக்காயின் மூலம் நம்ம நாட்டு மஹிகோ நிறுவனம்தான். அதே சரக்குக்குத்தான் இங்கே 2010-ல் மத்திய அரசு தற்காலிகத் தடை போட்டது. அதே வருஷம் டிசம்பரில் டாவோ நகர நிர்வாகம், தன் எல்லைக்குள் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் சோதனைக்கு நட்டிருந்த பிடி கத்திரிச் செடிகளைப் பிடுங்கி எறிந்தது. இங்கே டெல்லி அமைச்சர் செய்ததை அங்கே ஒரு நகராட்சி செய்தது! பிறகு 2022-ல் பயிரிட அனுமதி கிடைத்தது, 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியையும் தங்க அரிசிக்குக் கொடுத்ததையும் ரத்து செய்தது.

நம்ம அரசியல் சாசனத்தின் 11-வது அட்டவணையில் பஞ்சாயத்துக்கு உரியவை என்று 29 இனங்கள் இருக்கின்றன. முதல் இனமே வேளாண்மை, வேளாண் விரிவாக்கம் உட்பட. ஆனால் நம்ம ஊருக்கு வரும் உதவி வேளாண் அலுவலர் பஞ்சாயத்துத் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. துறைக்குத்தான் பதில் சொல்வார். பஞ்சாயத்து தீர்மானம் போடலாம், சட்டம் போட முடியாது. அட்டவணையில் இருப்பதை ஆளோடும் பணத்தோடும் கீழே இறக்கு என்று எந்த விவசாயச் சங்க மேடையிலும் உரக்கக் கேட்டு நான் பார்க்கவில்லை. மானியத்துக்கும் கடன் தள்ளுபடிக்கும் போடும் சத்தத்தில் பாதியையாவது இதற்குப் போட வேண்டாமா?

அது வரும்வரை, கையில் இருக்கிற அதிகாரத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பஞ்சாயத்துக் காசில் குளக்கரையிலும் ரோட்டோரத்திலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றியும் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தி, ஆள் விட்டு வெட்டச் சொல்லலாம். இதற்கு எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்கள் ஊரில் இதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். நீங்களும் கொடுத்துப் பாருங்கள். தலைவர் என்ன பதில் சொன்னார் என்று இதழுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.