தங்க வந்த சொல்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட அறிஞர் கால்டுவெல் பிறந்த மண் அயர்லாந்து. அந்நாட்டின் தொன்மொழியாகிய ஐரிஷில் வழங்கும் ஒரு சொல்லை இங்கு எண்ணிப் பார்க்க விழைகின்றோம். 'லோஷ்டீன்' என்பது அச்சொல். தங்குமிடம் என்பது பொருள்.

இஃது ஐரிஷ் வேரில் முளைத்ததன்று. 'லாட்ஜிங்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மாற்றுருவம். ஆங்கிலத்திற்கும் அது பிறவிச் சொத்தன்று. இலைப்பந்தலைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லொன்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது.

'ஜ' ஒலி ஐரிஷுக்கு இயல்பானதன்று. ஆகவே அது 'ஷ்ட்' எனத் திரிந்தது. 'காலேஜ்' அங்கே 'கொலாஷ்டே' ஆனதும் இவ்வாறே. ஈற்றிலிருந்த 'இங்' என்பது 'ஈன்' ஆயிற்று. 'ஈன்' ஐரிஷில் சிறுமை உணர்த்தும் விகுதி. 'போஹர்' என்பது சாலை. 'போரீன்' என்பது சிறுசாலை. லோஷ்டீனில் சிறுமைப் பொருள் ஏதுமில்லை. ஆயினும் அவ்விகுதி பெற்ற சொற்களின் வரிசையிலேயே இலக்கணம் அதனை அமர்த்திவிட்டது. அவற்றைப் போல இதுவும் ஆண்பால். ஆறாம் வேற்றுமையில் உருமாறாது. பன்மையில் 'லோஷ்டீனீ' என நீளும். இளம்பெண்ணைக் குறிக்கும் 'கலீன்' என்னும் சொல்லும் அங்கே இலக்கணப்படி ஆண்பாலே என்பது, பொருள் நோக்கிப் பால் வகுக்கும் நமக்கு வியப்பளிக்கும்.

வந்தார்க்கெல்லாம் உணவும் உறையுளும் அளித்த 'பிரியுகு' என்னும் செல்வர்களைப் பழைய ஐரிஷ் சட்டங்கள் பெரிதும் மதித்தன. அத்தகைய விருந்தோம்பல் மரபினர்க்கு இரவல் சொல் எதற்கு என வினவுவோர் உண்டு. எம் கருத்து வேறு. வந்த சொல்லைத் தன் ஒலியாலும் இலக்கணத்தாலும் ஆளும் மொழி வலிமையுடைய மொழியே. சொல் புகுவதால் மொழி அழிவதில்லை. இல்லத்தில் பேச்சு நின்றால் அழிகிறது.

அயர்லாந்துக் குடியரசின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேச வரும் என்றோர் ஏறத்தாழ 18 இலட்சத்து 74 ஆயிரம் பேர். கல்விக்கூடத்திற்கு வெளியே நாள்தோறும் பேசுவோரோ ஏறத்தாழ 72 ஆயிரம் பேரே! 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழி ஆக்கியும் நிலை இதுவே. சட்டம் அரியணை தரலாம். அடுப்பங்கரையில் இடம் தர வேண்டியவர்கள் தாய்தந்தையரே.

இதனை உணர்ந்தே அந்நாட்டு மாணவர் பலர் கோடையில் ஐரிஷ் பேசும் ஊர்களுக்குச் சென்று, அங்குள்ள இல்லங்களில் தங்கி மொழி பயில்கின்றனர். இரவலாக வந்த சொல் குறிக்கும் தங்குமிடமே இன்று அம்மொழிக்கு நிழல் தருகிறது.

அயற்சொல்லைக் கண்டு அஞ்சுமுன், மாலையில் வீடு திரும்பி நம் பிள்ளைகளோடு எம்மொழியில் பேசுகின்றோம் என நாமும் நம்மை வினவிக்கொள்வோமாக.