இறங்கக் கற்பித்த பிறகே ஏறக் கற்பிப்போம்

மல்லர் கம்பத்துக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் உள்ள உறவை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விழுப்புரத்து உடற்கல்வி ஆசிரியர் உலகதுரை அவர்களின் உழைப்பால் தமிழகத்தில் புத்துயிர் பெற்ற கலை அது. நிலைக் கம்பம், தொங்கு கம்பம், கயிறு என மூன்று வகைகளிலும் பிள்ளைகள் ஏறி நிற்பதைக் கண்டு வியக்கிறோம். இப்போது அதன் தொடர்ச்சியாக ஜிம்னாஸ்டிக்ஸ் மீதும் பிள்ளைகளின் ஆர்வம் திரும்பியிருக்கிறது. கைப்பேசியில் ஒலிம்பிக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, மயிலத்திலும் திண்டிவனத்திலும் பள்ளித் திடலில் இருக்கும் கம்பியில் தொங்கி ஆடிக் குதிக்க முனையும் சிறுவர்களையும் சிறுமிகளையும் காண்கிறோம்.

இதை நம் குடும்பங்கள் இரு விதமாக எதிர்கொள்கின்றன. சிலர், கை கால் முறிந்துவிடும் என்று அஞ்சி முற்றாகத் தடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிப் பயிற்சியாளரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, அதன் பின் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இவ்விரண்டும் நம் மார்க்கம் காட்டும் வழி அல்ல என்பதே என் கருத்து. பிள்ளையை ஏற விடுங்கள். ஆனால் அதற்கு முன் இறங்கக் கற்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

உடல் நமக்குச் சொந்தமானது அல்ல. அது அல்லாஹ் தந்த அமானிதம். நோன்பிலும் இரவுத் தொழுகையிலும் தம்மை வருத்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட வலிமையானவர் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவர் என்றும் அறிவித்தார்கள். எனவே உடலை உறுதியாக்கும் பயிற்சியை வீண் வேலை என்று ஒதுக்க நமக்கு இடமில்லை. அதே வேளையில், நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமலேயே வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டுமாறு நபியவர்கள் கூறிய செய்தியைத் திர்மிதீயில் காண்கிறோம். கம்பியில் ஆடும் பிள்ளைக்குப் பாதுகாப்பாகத் தரையிறங்கும் பயிற்சியே அந்த ஒட்டகத்தின் கயிறு.

கம்பியில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பெண்களுக்கான போட்டியில் இரு கம்பிகள் உண்டு. மேற்கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ 2.5 மீட்டர், கீழ்க்கம்பி ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆண்களுக்கான ஒற்றைக் கம்பியின் உயரம் ஏறத்தாழ 2.8 மீட்டர். கம்பியைப் பற்றியிருக்கும் வரை பிள்ளையின் வேகத்தைக் கைகள் கட்டுப்படுத்துகின்றன. கையை விட்ட கணத்திலிருந்து, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் உடல் செல்லும் என்பது முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு அதை மாற்ற முடியாது. முன்னோக்கி ஆடி எழுந்து, கையை விட்டுப் பின்புறமாகச் சுழன்று இறங்குவதை எடுத்துக்கொள்வோம். சீக்கிரமே கையை விட்டால் உடல் தாழ்வாக வெகு தூரம் செல்லும். சுழற்சியை முடிக்க நேரம் போதாது. தாமதமாக விட்டால் உடல் கம்பியை நோக்கியே திரும்பி வரும். காலோ தலையோ கம்பியில் மோதலாம். நொடிப் பொழுதில் எடுக்க வேண்டிய இந்த முடிவைப் பிள்ளை யோசித்து எடுக்க இயலாது. உடல் அதை முன்பே பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் தரையில்தான் தொடங்குகிறது. முதலில் நின்ற இடத்திலேயே குதித்து இறங்கப் பழக வேண்டும். பாதங்கள் இடுப்பளவு இடைவெளியில் இருக்க, முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, உடனே குதிகால் படிய வேண்டும். முழங்காலும் இடுப்பும் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். முழங்கால்கள் உட்புறமாகச் சாயக் கூடாது. விறைத்தும் நிற்கக் கூடாது. நெஞ்சு நிமிர்ந்து, கைகள் முன்னே நீண்டு, பார்வை நேராக இருக்க வேண்டும். இது சரியான பிறகு முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து, பின்னர் இடுப்பு உயரப் பெட்டியிலிருந்து குதிக்கலாம். அடுத்துக் கம்பியில் தொங்கி, ஆட்டம் நின்றபின் இறங்குதல். அதற்கடுத்துச் சிறிய ஆட்டத்திலிருந்து இறங்குதல். சுழன்று இறங்குவது இவை யாவும் கைவந்த பிறகே. அதையும் முதலில் நுரைப்பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியில், அடுத்துத் தடித்த மெத்தையில் ஆசிரியர் தாங்கிப் பிடிக்க, கடைசியில்தான் தனியாகச் செய்ய வேண்டும்.

விழவும் கற்பிக்க வேண்டும். விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவது மனித இயல்பு. மணிக்கட்டும் முழங்கையும் முறிவது பெரும்பாலும் அதனால்தான். கைகளை மார்போடு சேர்த்து, மோவாயை நெஞ்சில் பதித்து, முதுகை வளைத்து உருள்வதற்கு முதல் வாரத்திலிருந்தே பழக்க வேண்டும். குழந்தைகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி மென்மையானது. அங்கே ஏற்படும் காயம் எலும்பின் வளர்ச்சியையே பாதிக்கலாம்.

இவ்வளவு மெதுவாகப் போனால் பிள்ளை எப்போது போட்டிக்குப் போவது என்று பெற்றோர் கேட்கலாம். மக்தபில் அலிஃப், பா தெரியாத குழந்தையிடம் நாம் யாசீன் சூராவை ஓதச் சொல்வதில்லை. திருக்குர்ஆனே 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளப்பட்டது. மதுவும் படிப்படியாகவே தடை செய்யப்பட்டது. உள்ளங்களை அறிந்த இறைவனே படிப்படியான வழியைத் தேர்ந்திருக்க, பத்து வயதுப் பிள்ளையின் மூட்டுகளுக்கு நாம் ஏன் அவசரம் காட்ட வேண்டும்?

அவசரத்தின் விலையை விளையாட்டு வரலாறு பதிவு செய்திருக்கிறது. சோவியத் நாட்டு வீராங்கனை எலெனா முகினா 1978 உலகப் போட்டியில் ஒட்டுமொத்தச் சாம்பியன். 1979இல் அவருடைய கால் முறிந்தது. அது முழுமையாகத் தேறும் முன்பே மீண்டும் கடும் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாட்களே இருந்த நிலையில், 1980 ஜூலை 3 அன்று, தரைப் பயிற்சியில் மிக ஆபத்தான ஒரு தாவலைச் செய்தபோது சுழற்சி முடியாமல் விழுந்தார். கழுத்து முறிந்து, கை கால்கள் செயலிழந்தன. 2006இல் தம் 46ஆம் வயதில் இறக்கும் வரை அந்நிலையிலேயே வாழ்ந்தார். தமக்குள்ள அச்சத்தை அவர் முன்பே பயிற்சியாளரிடம் கூறியிருந்தார், அது பொருட்படுத்தப்படவில்லை. அவ்வகைத் தாவல் பின்னர் பெண்கள் போட்டியில் தடை செய்யப்பட்டது.

இதற்கு நேர் எதிரான நிகழ்வும் உண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தம் உடல் எங்கிருக்கிறது என்பது தமக்கே புலப்படவில்லை என உணர்ந்த சிமோன் பைல்ஸ், குழுப் போட்டியின் நடுவிலேயே விலகினார். கோழை என்றும் பலர் ஏசினர். சில நாட்கள் கழித்து உத்தரப் போட்டிக்குத் திரும்பியவர், முறுக்குச் சுழற்சி இல்லாத எளிய இறக்கத்தைத் தேர்ந்து வெண்கலம் வென்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸில் ஒட்டுமொத்தத் தங்கமும் அவருக்கே கிடைத்தது. இன்று என்னால் இயலாது என்று சொல்லத் தெரிந்ததே அவரைக் காத்தது.

ஆகவே பயமாக இருக்கிறது என்று பிள்ளை சொல்லும்போது, அதைச் சோம்பலாகவோ அடங்காமையாகவோ கருதாதீர்கள். அது ஒரு தகவல். முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும் என்று உடல் சொல்லும் தகவல். பயந்தவன் என்றைக்கும் கற்க மாட்டான் என்பாரும் உண்டு. பயந்த பிள்ளையைக் கேலி செய்து கம்பியில் ஏற்றினால், கையை விட வேண்டிய கணத்தில் அவன் தயங்குவான். அந்தத் தயக்கமே விபத்து. பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை நோக்கி ஒரு சலிப்புச் சொல்லைக்கூட அவர்கள் உதிர்த்ததில்லை என்று நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சிறுவருக்கு எதைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும், மக்தப் உஸ்தாதுக்கும் சேர்த்தே, இதுதான் அளவுகோல்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் இரு கவலைகள் நமக்கு உண்டு. முதலாவது உடை. கால்களை முழுதும் மூடும் உடைக்கு உலக விதிகளிலேயே இடமிருக்கிறது. டோக்கியோவில் ஜெர்மனி அணியினர் அத்தகைய உடையிலேயே பங்கேற்றனர். ஆனால் தொளதொளவென்ற உடை கம்பியில் சிக்கும். ஊசி குத்திய துணியும் ஆபத்து. நாணமும் பாதுகாப்பும் சேர்ந்த உடையைப் பயிற்சியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். இரண்டாவது, தாங்கிப் பிடித்தல். கற்கும் காலத்தில் ஒருவர் இடுப்பிலும் முதுகிலும் கை கொடுக்காமல் இந்த வித்தையைப் பாதுகாப்பாகக் கற்க இயலாது. எனவே பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அவர் இல்லையென்றால், பிடிக்க ஆளின்றிச் செய்யட்டும் என்று சமாதானம் அடையக் கூடாது. ஆள் கிடைக்கும் வரை பெட்டியிலிருந்து குதிக்கும் படியிலேயே பிள்ளை நிற்கட்டும்.

பயிற்சிக்கு அனுப்பும் முன் பெற்றோர் நேரில் சென்று பாருங்கள். இறங்கும் இடம் முழுவதும் மெத்தை இருக்கிறதா, மெத்தைகளுக்கிடையே இடைவெளி உள்ளதா, கம்பி ஆடுகிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள், காயம் பட்டால் முதலுதவிக்கு யார் என்று கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது, அமானிதத்தின் கடமை. பள்ளித் திடலில் வெறும் மண்மேல் நிற்கும் கம்பியில் சுழன்று குதிப்பதை மட்டும் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். தொங்குவதற்கும் உடலை மேலே இழுப்பதற்கும் அது போதும்.

தஜ்வீத் கலையில் வக்ஃபு என்றொரு பாடம் உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறியாமல் ஓதுபவர், எவ்வளவு இனிய குரலுடையவராயினும், பொருளைச் சிதைத்துவிடுவார். கம்பியில் ஆடும் பிள்ளைக்கும் அப்படித்தான்; நிறுத்தத் தெரிந்த பிறகே ஆட்டம் அழகு பெறும். நம் பிள்ளைகளை உறுதியான உடலும் தெளிந்த அறிவும் கொண்டவர்களாக வளர்க்கவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணவும் வல்ல ரஹ்மான் நமக்குத் துணைபுரிவானாக! ஆமீன்.