புகைக்குள் நிற்கும் காவலர்

முதுமலைப் பக்கம் காட்டுத்தீ என்று செய்தி வந்தால், எத்தனை ஏக்கர் எரிந்தது என்றுதான் கேட்கிறோம். தீயோடு போராடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நாம் ஓட்டிப்போகும் கார்.

கோடை தொடங்குமுன் வனத்துறையினர் சாலையோரமாகத் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். ஓரத்துப் புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டி, காய்ந்ததைக் கட்டுப்பாட்டோடு தாங்களே எரித்துவிடுவார்கள். யாரோ வீசிய பீடித்துண்டிலிருந்து நெருப்பு காட்டுக்குள் தாவாமலிருக்க இந்த ஏற்பாடு. ஆனால் அந்த வேலை நடப்பது ஊட்டி–மைசூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில். காற்று திரும்பினால் புகை ரோட்டை மூடிவிடும். காவலர் நெருப்பைப் பார்த்தபடி ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்பார். காக்கி உடுப்பு புகைக்குள் தெரியாது. சருகு ஊதும் இயந்திரம் ஓடினால் ஹார்ன் சத்தமும் கேட்காது. இந்த லட்சணத்தில், செல்போனில் தீயைப் படம் பிடிக்க வளைவிலேயே வண்டியை நிறுத்துகிறவர்கள் வேறு!

அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் பணியில் உயிர்விட்டவர்களின் கணக்கில் மாரடைப்போடு வாகன விபத்தும் முன்வரிசையில் நிற்கிறது. நம் நாட்டில் தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாவிட்டால் 2019 சட்டத் திருத்தப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறைகூட உண்டு. அது ஓடுகிற வண்டிக்கு. தழையோடு ரோட்டோரம் நிற்கிற மனிதருக்கு?

ஒளிரும் மேலங்கி கொடுக்கலாம், எச்சரிக்கைப் பலகை வைக்கலாம். எனக்கு அது போதாது. எரிக்கிற நேரத்தில் தொரப்பள்ளியிலும் கக்கநல்லாவிலும் வண்டிகளை நிறுத்திவைக்க வேண்டும். முடியாத காரியமா? விலங்குகள் அடிபடக் கூடாதென்று பந்திப்பூர்ச் சாலையை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடித்தானே வைக்கிறார்கள்? சுற்றுலா கெடும் என்பார்கள். குறுக்கே யானை நின்றால் அரைமணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் காத்திருக்கிறோமே, அப்போது கெடவில்லையா? அங்கே நெருப்போடு நிற்பவர்களில் பலர் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களிலிருந்து தினக்கூலிக்கு வருகிறவர்கள்.

அதுவரை, மார்ச்சில் ஊட்டிக்கு வண்டி எடுக்கும் மகனிடமும் பேரனிடமும் நாம் சொல்லிவைக்கலாம். புகை தெரிந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு விரைந்து கடக்கப் பார்க்காதே, விளக்கைப் போட்டு மெல்லப் போ, கை காட்டினால் நில்.