தறிச் சத்தத்தில் போன காதுகள்

மாண்புமிகு தமிழகத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

பள்ளிபாளையத்திலோ சோமனூரிலோ ஒரு விசைத்தறிப் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். தறி ஓட்டுபவர்கள் ஒருவரோடு ஒருவர் உதட்டசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்கிறார்கள். நாடா அடிக்கும் பழைய தறிகள் ஓடும் கூடத்தில் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 90 டெசிபலில் 8 மணி நேரம், 95 டெசிபலில் 4 மணி நேரம், அதற்கு மேல் கூடாது என்கின்றன தொழிற்சாலை விதிகள். இங்கே ஒரு ஷிப்டே 12 மணி நேரம் ஓடுகிறது. காதுக்குக் காப்பு என்று பலர் திணித்துக்கொள்வது கழிவுப் பஞ்சைத்தான். அந்தச் சத்தத்தைத் தடுக்க அதற்குச் சக்தி கிடையாது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன், வாலிபத்திலிருந்து தறி ஓட்டியவர். “பேசறது கேக்குதுங்க, என்ன பேசறாங்கன்னுதான் பிடிபட மாட்டேங்குது” என்கிறார். லாரி ஹாரன் அவருக்குக் கேட்கும், பேத்தியின் மெல்லிய குரல் கேட்காது. இரைச்சலால் வரும் கேள்விக்குறைவு இப்படித்தான், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளில் தொடங்கும். உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அவரைப் பரிசோதித்த மருத்துவர் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கவே இல்லை. “வயசாச்சுல்ல” என்று அனுப்பிவிட்டார்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரைச்சலால் வரும் கேள்விக்குறைவு தொழில்நோய் என்று 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டது. இஎஸ்ஐ சட்டத்தின் பட்டியலிலும் உண்டு. இவற்றுக்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்திருந்தால், அந்த நோய் வேலையால் வந்தது என்றே 1923 சட்டம் கொண்டது. இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. இவ்வளவு இருந்தும், இந்தியாவில் இதற்கான முதல் இழப்பீடு 1996இல்தான் கிடைத்தது என்று தொழில்சார் மருத்துவ இதழ்கள் எழுதுகின்றன.

சிக்கல் எங்கே என்றால், வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தக் காது எப்படி இருந்தது என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. இருபது வருடம் கழித்து, கேட்கும் திறனை அளக்க எடுக்கும் ஆடியோகிராமில் வயதும் தறியும் கலந்து கிடக்கும். முதலாளியின் வழக்கறிஞர் அந்தக் கலப்பைப் பிடித்துக்கொள்வார். நெசவாளியோ கூலி ஐந்து ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த பட்டறைக்குப் போகிறவர். எந்த முதலாளி பொறுப்பு என்பதே வழக்காகிவிடும். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்து ஓட்டும் கூடங்களுக்கு இஎஸ்ஐயும் கட்டாயமில்லை, தொழிற்சாலை ஆய்வாளரும் இல்லை. வேலையை விட்டவருக்கு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தென்பட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பழைய 1923 சட்டம் கெடு வைத்திருந்தது. மெல்ல மெல்லப் போகும் காதுக்கு இந்தக் கெடு அநியாயம்.

பட்டறை முதலாளிகள் பலரும் கூலிக்கு நெய்து கடனில் தத்தளிப்பவர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. அதே ஏற்பாட்டில் ஓர் ஆடியோமீட்டரையும் சத்தம் புகாத சிறு அறை கொண்ட வண்டியையும் தறி ஊர்களுக்கு அனுப்புங்கள். புதிதாகத் தறிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. சீட்டு தொழிலாளியின் கையில் இருக்கட்டும், நகல் உங்கள் துறையில் இருக்கட்டும். பட்டறை மாறினாலும் அந்தக் கணக்கு அவரோடு போகும். தொகுப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசு எழுதும் விதிகளில், இந்தப் பரிசோதனைச் சீட்டை இழப்பீட்டு வழக்கில் சான்றாக ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பல முதலாளிகளிடம் வேலை செய்தவருக்கு இழப்பீடு தர, முதலாளிகளும் அரசும் பங்கு போடும் ஒரு நிதியை உருவாக்குங்கள்.

வருகிற மானியக் கோரிக்கையின்போது இதைப் பற்றிப் பேரவையில் நீங்கள் அறிவிப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தறி ஊர்க்காரன் ஒருவன்