மாண்டலின் கடிச்சா விரலைக் குறை சொல்லாதீங்க

1/ போன மாசம் ஓ.பி.க்கு ஒரு அம்மா, பதினோரு வயசு மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. "டாக்டர், இவளுக்கு வெரல்ல பலமே இல்ல. மாண்டலின் எடுத்தா அஞ்சு நிமிஷத்துல வலிக்குதுன்னு வச்சிடுறா. நரம்புக்கு டானிக் எழுதிக் குடுங்க."
(அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/ பரிசோதித்தேன். பிடிமானம், உணர்ச்சி, மூட்டு அசைவு எல்லாம் சரி. விரல் நுனியில் மட்டும் தந்தி பதிந்த ஆழமான தடம். "அடுத்த தடவை வரும்போது மாண்டலினையும் எடுத்துட்டு வாங்கம்மா"ன்னேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் சிரிச்சுட்டாங்க.

3/ எடுத்துட்டு வந்தாங்க. ஓவர்டைம் காசைச் சேர்த்து ஆன்லைனில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினது. பார்க்கப் பளபளன்னு இருந்தது. அழுத்திப் பார்த்தேன், என் விரலே வலிச்சது. ஹவுஸ் சர்ஜன் காலத்திலிருந்து சுமாரா வாசிக்கிறவன் நான்.

4/ மாண்டலினில் 8 இரும்புத் தந்திகள், ஜோடி ஜோடியாக 4. எட்டும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவுக்கும் மேல். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ரெண்டு தந்தியைச் சேர்த்து அழுத்தணும். தந்தி கொஞ்சம் உயரமா நின்னாலும் குழந்தை விரல் தாங்காது.

5/ வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். 12ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நாணயம் லேசா உட்கார்ந்தா நல்லது. ரெண்டு நாணயம் சேர்த்து நுழைஞ்சா உயரம் அதிகம். அந்தப் பாப்பாவோடதில் ரெண்டும் சுலபமா நுழைஞ்சுது.

6/ இன்னொரு சோதனை. 3ஆவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திட்டு, 1ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்க. ஒரு தாள் அளவு இருந்தா போதும். அதிகமா இருந்தா தலைப்பக்கத்துப் பட்டையில் (நட்) காடி ஆழமா வெட்டலைன்னு அர்த்தம். ஆரம்பப் பாடமெல்லாம் முதல் சில ஃப்ரெட்டில்தான். வலியும் அங்கதான் ஆரம்பிக்கும்.

7/ வைத்தியம்: பெரும்பாலான மாண்டலினில் பிரிட்ஜின் ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் இருக்கும். தந்தியைத் தளர்த்திட்டுத் திருகினா பிரிட்ஜ் இறங்கும். நட் காடி அரம் போடுற வேலை, கிட்டார் ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட விடுங்க. எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழட்டாதீங்க. பிரிட்ஜ் ஒட்டினது கிடையாது, தந்தி அழுத்தத்தில்தான் நிக்குது.

8/ தந்தியையும் மாத்துங்க. லைட் கேஜ் கேளுங்க. நூறுகளில் முடியற செலவு.

9/ டாக்டரா ஒரு வார்த்தை. முதல் சில வாரம் விரல் நுனி எரியும், அப்புறம் தோல் தடிக்கும். அது இயல்பு. மரத்துப் போறது, விரல் மடக்கினா மாட்டிக்கிறது, மணிக்கட்டு வலி இதெல்லாம் இயல்பு கிடையாது. வாசிக்கிறதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. டானிக் இதுக்கு மருந்தில்லை.

10/ சரி, 15-25 ஆயிரத்துக்குள் நல்லதா ஒண்ணு வாங்கணும்னா? முதல்ல வாத்தியாரைக் கேளுங்க. எந்த இசை என்பதுதான் முதல் கேள்வி, பிராண்டு அப்புறம். சினிமா, சர்ச் பாட்டுன்னா 8 தந்தி அக்கூஸ்டிக் சரி.

11/ கர்நாடக சங்கீதம்னா கதையே வேற. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) ஜோடித் தந்தியை விட்டுட்டு 5 ஒற்றைத் தந்தி எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கணும். ஜோடித் தந்தியில் அது ரொம்பக் கஷ்டம். இது தெரியாம விலையுயர்ந்த 8 தந்தி வாங்கினா பணம் முடங்கிடும்.

12/ அக்கூஸ்டிக்னா மேல்பலகை ஒரே மரமா, ப்ளைவுட்டான்னு பாருங்க. ஓட்டையின் விளிம்பில் தெரியும். மேல தெரியற மரக் கோடு தடிமனிலும் இறங்கினா ஒரே மரம். அடுக்கடுக்கா தெரிஞ்சா ப்ளைவுட்.

13/ தோள்பக்கம் சுருள் வச்ச 'எஃப்' மாடலுக்கு ஆசைப்படாதீங்க. சுருள் செதுக்குற கூலிதான் விலையை ஏத்துது, அதனால சத்தம் கூடாது. அதே காசுக்குச் சாதாரண 'ஏ' மாடலில் நல்ல மரம் கிடைக்கும்.

14/ முடிஞ்சா கையில் பிடிச்சுப் பார்த்து வாங்குங்க. காட்பாடியில் ரயில் ஏறினா சென்னை. அண்ணா சாலையில் 1842இல் தொடங்கின மியூசி மியூசிக்கல் இன்னும் இருக்கு. போனில் டியூனர் ஆப் போட்டு, சும்மா மீட்டும் தந்தியும் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினதும் ஒரே ஸ்வரம் காட்டுதான்னு பாருங்க. பட்ஜெட்டில் கொஞ்சம் செட்டப்புக்கு ஒதுக்கிடுங்க. வேலூர் மே மாச வெயிலில் காருக்குள் விட்டுட்டுப் போகாதீங்க, பசை விட்டுடும்.

15/ இதைக் கேட்ட நண்பர் ஒருத்தர் சொன்னார்: "கஷ்டப்படுற குடும்பம், மாண்டலின் எதுக்கு? அப்படியே வாங்கினாலும் கத்துக்க இது போதாதா?" இந்த ரெண்டாவது வாதம்தான் எனக்கு உடன்பாடில்லை.

16/ கைதேர்ந்தவர் மோசமான வாத்தியத்திலும் சமாளிச்சுடுவார். எங்கே தப்புன்னு அவருக்குத் தெரியும். புதுசா கத்துக்கிற குழந்தைக்குத் தெரியாது. தனக்குத்தான் வரலைன்னு நினைச்சுக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சரியா அமைச்ச வாத்தியம், இந்தப் பிள்ளைக்கு அழுத்தவே முடியாத வாத்தியம். அப்புறம் ரெண்டு பேரையும் வச்சு "திறமை"ன்னு பேசுறோம்.

17/ அந்த அம்மாகிட்ட இதை நீட்டி விளக்க வேண்டியிருக்கலை. "புது ஷூ கடிச்சா காலையா குறை சொல்வீங்க?"ன்னு கேட்டேன். "ஃபிட்டிங் சரியில்லன்னு பீஸைத் திருப்பி அனுப்பிடுவாங்க சார்"னாங்க. அப்புறம் மகளைப் பார்த்து, "உன்னத் திட்டினேனேடி"ன்னாங்க. பாப்பா ஒண்ணும் பேசலை.

18/ பிரிட்ஜ் இறக்கி, நட் சரி செஞ்சு, தந்தி மாத்தினாங்க. மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள். இப்போ அரை மணி நேரம் வாசிக்கிறாளாம். பெரிய வித்வாம்சினி ஆவாளான்னு தெரியாது. வேண்டாம்னு விட்டாலும், அது அவளா விட்டதா இருக்கும்.

19/ உங்க வீட்டு மூலையில் ஒரு மாண்டலினோ கிட்டாரோ தூசி படிஞ்சு கிடந்தா, புதுசு வாங்கும் முன்னாடி உயரத்தைச் சோதிங்க. "எனக்கு வராது"ன்னு வச்சவங்க கையில் இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்க.